வேலையை விட்ட பிறகும் கட்டிப் போட முடியுமா?

(சான்பாடா மாலை வகுப்பில் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை)



போன மாதம் முழுவதும் நாம் படிவம் நிரப்பப் பழகினோம். வங்கிப் படிவம், பள்ளிக்கூடப் படிவம், ரயில் முன்பதிவுப் படிவம் எல்லாம் எழுதிப் பார்த்தோம். இன்று வேறு ஒரு தாளைப் பற்றிப் பேசப் போகிறேன். வேலைக்குச் சேரும்போது முதலாளி ஒரு தாளை நீட்டுவாரே, அந்தத் தாள்.

உங்களில் பல பேர் அதில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். சில பேர் கைநாட்டு வைத்திருப்பீர்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், "அது இங்கிலீஷில் இருந்தது, படித்துக் காட்டவில்லை" என்பீர்கள். போன வாரம் இந்த வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். கை தூக்கியவர்கள் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள்.

அந்தத் தாளில் சம்பளம் இருக்கும். வேலை நேரம் இருக்கும். லீவு இருக்கும். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், இன்னொன்றும் இருக்கும். "இந்த வேலையை விட்டுப் போனால், இத்தனை வருடத்துக்கு, இத்தனை கிலோமீட்டருக்குள், இதே தொழிலை வேறு எங்கும் செய்யக் கூடாது. சொந்தமாகவும் நடத்தக் கூடாது. மீறினால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும்." இதுதான் அந்த நிபந்தனை.

முன்பெல்லாம் பெரிய கம்பெனியில் பெரிய அதிகாரிகளுக்குத்தான் இப்படி எழுதினார்கள். இப்போது பியூட்டி பார்லரில் எழுதுகிறார்கள். டியூஷன் கிளாஸில் எழுதுகிறார்கள். ரத்தம் பரிசோதிக்கும் லேபில் எழுதுகிறார்கள். தையல் காலாவில்கூட எழுதி வாங்குகிறார்கள். பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு இப்படி ஒரு பூட்டு.

நம் வகுப்புக்கு வரும் ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். பெயரும் கடையின் பெயரும் வேண்டாம்.

அந்த அக்கா வாஷியில் ஒரு பார்லரில் நாலு வருடம் வேலை செய்தார். திரெடிங், ஃபேஷியல், கல்யாணப் பெண் அலங்காரம் எல்லாம் நன்றாகச் செய்வார். சம்பளம் கூடவில்லை. வேலையை விட்டார். சான்பாடாவிலேயே வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பார்லரில் சேர்ந்தார். சேர்ந்து இருபது நாள் ஆகவில்லை, வக்கீலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "நீங்கள் 3 வருடத்துக்கு, 10 கிலோமீட்டருக்குள், இந்தத் தொழிலைச் செய்ய மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். உடனே வேலையை நிறுத்துங்கள். ஒரு லட்சம் ரூபாய் கட்டுங்கள்."

வாஷியிலிருந்து 10 கிலோமீட்டர் என்றால் எதுவரை என்று நினைக்கிறீர்கள்? சான்பாடா, ஜூயிநகர், நெரூல், கோபர்கைரணே எல்லாம் அதற்குள் வந்துவிடும். பாலம் தாண்டினால் மான்குர்டும் வந்துவிடும். அந்த அக்கா எங்கேதான் போய் வேலை செய்வது? கடலுக்குள்ளா?

அவர் பயந்துவிட்டார். புது வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். இரண்டு மாதம் வருமானம் இல்லை. மகனின் பள்ளிக் கட்டணம் நின்றுபோனது. கழுத்தில் கிடந்த சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. யாரும் அவரை அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. ஒரு கடிதம் செய்த வேலை அது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நான் வக்கீல் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். இலவசச் சட்ட உதவியில் இருந்த வக்கீல் அம்மாவிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

நம் நாட்டில் இந்திய ஒப்பந்தச் சட்டம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அது 1872ஆம் ஆண்டு வந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது. அதில் 27ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. இந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 27.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான். சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிலையும், வியாபாரத்தையும், வேலையையும் ஒருவர் செய்யக் கூடாது என்று தடுக்கிற ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாது.

"செல்லாது" என்றால் என்ன? செல்லாத நோட்டு மாதிரி. 2016ஆம் ஆண்டு நவம்பரில் பழைய 500 ரூபாய் நோட்டு செல்லாமல் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நோட்டு கையில் இருந்தது. எண்ணும் படமும் அப்படியே இருந்தன. ஆனால் கடையில் வாங்க மாட்டார்கள். அதுபோல, தாளில் எழுத்து இருக்கும், உங்கள் கையெழுத்தும் இருக்கும். கோர்ட்டில் அது நடக்காது.

"அந்த அளவுக்கு" என்ற வார்த்தையையும் கவனியுங்கள். மாம்பழத்தில் ஒரு பக்கம் அழுகினால் அதை மட்டும் வெட்டி எறிகிறோம். மீதியைச் சாப்பிடுகிறோம். அதுபோல அந்த ஒரு நிபந்தனைதான் செல்லாது. சம்பளம் பற்றியும் லீவு பற்றியும் எழுதியது அப்படியே நிற்கும். அதனால் முழுத்தாளையும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தாள் உங்களுக்கும் சாட்சி.

சட்டம் வந்த இரண்டே வருடத்தில், 1874ஆம் ஆண்டு, கல்கத்தா ஹைகோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. கொஞ்சம் வேடிக்கையான வழக்கு. மாதவ் சந்திர பரமாணிக் என்று ஒரு வியாபாரி. ராஜ்குமார் தாஸ் என்று இன்னொருவர். இரண்டு பேருக்கும் பித்தளைத் தொழில். ஒரே பகுதியில் கடை. ஒருவருக்கு இன்னொருவர் இடைஞ்சல். தாஸ் சொன்னார்: "நீ இந்தப் பகுதியில் கடையை மூடிவிடு. உன் வேலையாட்களுக்கு நீ கொடுத்த முன்பணத்தை நான் தந்துவிடுகிறேன்." முன்பணம் 900 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். பரமாணிக் கடையை மூடினார். தாஸ் பணம் தரவில்லை. வழக்குக்குப் போனார்கள்.

கோர்ட் என்ன சொன்னது? பணம் கிடைக்காது என்று சொன்னது. தொழில் செய்யாதே என்று தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது. ஒப்பந்தமே செல்லாதபோது அதை வைத்துப் பணம் எப்படிக் கேட்பது? பாவம், பரமாணிக்குக்குக் கடையும் போனது, பணமும் வரவில்லை. எனக்கு அவரை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். ஆனால் தலைமை நீதிபதி ரிச்சர்ட் கவுச் அந்தத் தீர்ப்பில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். முழுசாகத் தடுத்தால்தான் செல்லாது என்பதில்லை. ஒரு பகுதியில் மட்டும் தடுத்தாலும் செல்லாது.

ஆகவே "நாடு முழுக்கத் தடுக்கவில்லையே, 10 கிலோமீட்டர்தானே" என்று முதலாளி சொன்னால், 1874ஆம் ஆண்டே அதற்குப் பதில் வந்துவிட்டது.

அது வியாபாரிகளின் வழக்கு. வேலைக்காரர்களுக்கு என்ன என்று கேட்பீர்கள்.

டெல்லியில் கிருஷண் முர்காய் என்று ஒருவர் இருந்தார். சரக்கின் எடையும் தரமும் சரிதானா என்று பார்த்துச் சான்று கொடுக்கிற ஒரு கம்பெனியில், 1971ஆம் ஆண்டு கிளை மேலாளராகச் சேர்ந்தார். கம்பெனியின் பெயர் சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி. வேலையை விட்ட பிறகு 2 வருடத்துக்கு அதே ஊரில் அதே தொழில் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். பிறகு கம்பெனியே அவரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் சும்மா இருக்கவில்லை. டெல்லியிலேயே சொந்தமாக அதே தொழிலைத் தொடங்கினார். கம்பெனி வழக்குப் போட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1980ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. கம்பெனி தோற்றது.

அந்தத் தீர்ப்பைக் கொடுத்தவர்கள் மூன்று நீதிபதிகள். இரண்டு பேர் சொன்னது: தானாக விட்டுப் போனவருக்குத்தான் இந்த நிபந்தனை, நீங்களே நீக்கியவரை இதை வைத்துத் தடுக்க முடியாது. மூன்றாவது நீதிபதி ஏ.பி. சென் இன்னும் ஒரு படி மேலே போனார். வேலை முடிந்த பிறகு தடுக்கிற நிபந்தனையே 27ஆவது பிரிவின்படி செல்லாது என்றார்.

இதைவிட நமக்குத் தெரிந்த ஒரு வழக்கும் இருக்கிறது. ஜாகீர் கானைத் தெரியாதவர்கள் இங்கே யார்? 2011ஆம் ஆண்டு உலகக் கோப்பையை நம் வான்கடே மைதானத்தில் வாங்கினார்களே, அந்த அணியின் பந்து வீச்சாளர். அவர் 2000ஆம் ஆண்டு இந்திய அணிக்கு வந்தார். அதே வருடம், பர்செப்ட் டிமார்க் என்ற கம்பெனியோடு 3 வருட ஒப்பந்தம் போட்டார். விளம்பர வேலைகளை அந்தக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். அதில் ஒரு நிபந்தனை. 3 வருடம் முடிந்த பிறகும் வேறு யாராவது அவரை அழைத்தால், அதை முதலில் இந்தக் கம்பெனியிடம் சொல்ல வேண்டும். அவர்கள் தருகிற பணத்தை இந்தக் கம்பெனி தந்தால், இங்கேயே இருக்க வேண்டும்.

2003ஆம் ஆண்டு 3 வருடம் முடிந்தது. ஜாகீர் கான் வேறு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். பழைய கம்பெனி பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனது. முதலில் ஒரு நீதிபதி கம்பெனி பக்கம் தடை உத்தரவு கொடுத்தார். பிறகு இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து அதை ரத்து செய்தார்கள். கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2006ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டும் ஜாகீர் கான் பக்கம்தான் சொன்னது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு ஒருவரை இப்படிப் பிடித்து வைக்க 27ஆவது பிரிவு இடம் கொடுக்காது.

கவனியுங்கள். பெரிய ஆட்டக்காரருக்கு ஒரு சட்டம், பார்லர் அக்காவுக்கு வேறு சட்டம் என்று கிடையாது. 27 எல்லோருக்கும் 27தான்.

நம் நாட்டில் மட்டும் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜிம்மி ஜான்ஸ் என்று சாண்ட்விச் விற்கிற கடைகள் நிறைய உண்டு. ரொட்டி வெட்டி, காயும் கறியும் வைத்துக் கொடுக்கிற வேலை. அந்த வேலையாட்களிடம்கூட எழுதி வாங்கியிருந்தார்கள். வேலையை விட்டால் 2 வருடத்துக்கு, தங்கள் கடைகளிலிருந்து 3 மைல் தூரத்துக்குள், வேறு சாண்ட்விச் கடையில் சேரக் கூடாது. 2014ஆம் ஆண்டு இது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சை ஆனது. அரசு வழக்கறிஞர்கள் தலையிட்டார்கள். 2016ஆம் ஆண்டு அந்தக் கம்பெனி நிபந்தனையைக் கைவிட்டது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கலிபோர்னியா என்ற மாநிலத்தில் நம்முடையது போலவே சட்டம். அதுவும் 1872ஆம் ஆண்டு வந்ததுதான்.

இந்த இடத்தில் போன வாரம் ஒரு அண்ணாச்சி கேட்டார்: "அப்படியென்றால் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாமா? எதுவும் செல்லாதா?"

இல்லை அண்ணாச்சி. இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். பாதி தெரிந்துகொண்டு முதலாளியிடம் சண்டைக்குப் போகக் கூடாது.

கல்யாணுக்குப் பக்கத்தில் செஞ்சுரி ரேயான் ஆலை இருக்கிறது. அங்கே நடந்த கதையைக் கேளுங்கள். நிரஞ்சன் சங்கர் கோலிகரி என்பவர் 1963ஆம் ஆண்டு மார்ச்சில் அங்கே ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். டயருக்கு வைக்கிற நூல் செய்கிற பிரிவு. வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து தொழில் ரகசியம் வாங்கி அந்த நூலைச் செய்தார்கள். அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 5 வருடம் இருப்பேன், அந்த 5 வருடத்துக்குள் விட்டுப் போனாலும் மீதிக் காலத்தில் வேறு இடத்தில் இந்த வேலை செய்ய மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். 1964ஆம் ஆண்டே விட்டுவிட்டார். ராஜஸ்தானில் கோட்டா என்ற ஊரில், அதே நூல் செய்கிற வேறு கம்பெனியில் கூடுதல் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1967ஆம் ஆண்டு கோலிகரி தோற்றார். 5 வருடம் முடிகிற 1968 மார்ச் வரை அந்த வேலையை வேறு இடத்தில் செய்யக் கூடாது என்ற தடை நின்றது.

ஏன் அவர் தோற்றார், ஜாகீர் கான் ஜெயித்தார்? வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. ஒப்பந்தக் காலத்துக்குள்ளே தடுப்பது வேறு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் தடுப்பது வேறு. முதலாவதைக் கோர்ட் பல நேரம் ஏற்றுக்கொள்ளும். இரண்டாவதை ஏற்காது. ஆகவே உங்கள் தாளில் "இத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும்" என்று ஒரு காலம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது முடிகிற தேதியை எழுதி வையுங்கள்.

அதற்காக "இங்கேயே வேலை செய்" என்று யாரையும் கோர்ட் கட்டாயப்படுத்தாது. கடனையோ அட்வான்ஸையோ காட்டி ஒருவரை வேலையில் கட்டிப் போடுவது கொத்தடிமை. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். கலெக்டரிடம் புகார் கொடுக்கலாம். ஊரிலிருந்து அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டி வந்தவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பாண்ட். "3 வருடத்துக்குள் விட்டால் இவ்வளவு பணம் கட்டுகிறேன்" என்று எழுதுவது. இது வேறு வகை. விஜயா வங்கியில் ஒருவர் 3 வருடம் இருப்பேன், இல்லையென்றால் 2 லட்சம் ரூபாய் கட்டுவேன் என்று எழுதிக் கொடுத்துச் சேர்ந்தார். முன்னாலேயே விட்டுவிட்டு வேறு வங்கிக்குப் போனார். பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். கர்நாடக ஹைகோர்ட் அவர் பக்கம் சொன்னது. ஆனால் சுப்ரீம் கோர்ட் 2025ஆம் ஆண்டு மே மாதம் அந்த நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அவர் வேறு வங்கியில் சேருவதை அது தடுக்கவில்லை, பணம்தான் கேட்டது என்பது ஒரு காரணம்.

அப்படியென்றால் எழுதிய தொகை முழுவதையும் கட்ட வேண்டுமா? எப்போதும் அப்படி இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, நியாயமான நஷ்ட ஈட்டைத்தான் கோர்ட் கொடுக்கும். எழுதிய தொகை அதற்கு மேல் எல்லை. ஒரு வாரம் திரெடிங் சொல்லிக் கொடுத்துவிட்டு ஒரு லட்சம் கேட்டால், ஒரு லட்சம் எதற்குச் செலவானது என்று கோர்ட் கேட்கும்.

அடுத்து, திருட்டு. வாடிக்கையாளர்களின் போன் நம்பர் எழுதிய நோட்டை முதலாளியின் மேஜையிலிருந்து எடுத்து வந்தால், அதற்கு 27ஆவது பிரிவு காப்பாற்றாது. கம்பெனியின் ரகசியமான முறையைக் கொண்டுபோய் இன்னொருவருக்கு விற்றாலும் காப்பாற்றாது. உங்கள் கை கற்ற வேலை உங்களுடையது. நூலை எப்படிப் பிடிப்பது, தோலை எப்படி வெட்டுவது என்பதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. முதலாளியின் நோட்டு முதலாளியுடையது.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாராவியில் உங்கள் கடையை அதன் பெயரோடும் வாடிக்கையோடும் ஒருவருக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். "பக்கத்திலேயே இன்னொரு கடை போட மாட்டேன்" என்று அவர் எழுதி வாங்கலாம். நியாயமான எல்லைக்குள் இருந்தால் அது செல்லும். 27ஆவது பிரிவிலேயே இதற்கு விலக்கு இருக்கிறது. விற்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

சரி, வக்கீல் கடிதம் வந்தால் என்ன செய்வது?

முதலில், அது கோர்ட் உத்தரவு இல்லை. வக்கீல் நோட்டீஸ் என்பது முதலாளி தன் வக்கீலை வைத்து எழுதுகிற கடிதம். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். கோர்ட்டிலிருந்து வருகிற சம்மனில் கோர்ட்டின் பெயர் இருக்கும், வழக்கு எண் இருக்கும், வர வேண்டிய தேதி இருக்கும், முத்திரை இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். இதற்காகவே அடுத்த வகுப்பில் இரண்டு மாதிரித் தாள்களைக் கொண்டு வருகிறேன்.

நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவது நல்லது. சம்மன் வந்தால் போகாமல் இருக்கவே கூடாது. போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு ஆகிவிடும். சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். நம் பக்கம் நியாயம் இருந்தாலும், அதைச் சொல்ல ஆள் போக வேண்டும்.

"போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று மிரட்டுவார்கள். ஒப்பந்தத்தை மீறினார் என்பது மட்டும் போலீஸ் வழக்கு ஆகாது. அது சிவில் விஷயம். ஆனால் ஒன்று. வேலைக்குச் சேரும்போது எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதைக் கொடுக்காதீர்கள். தொகையை அவர்கள் நிரப்பி வங்கியில் போட்டு, பணம் இல்லாமல் செக் திரும்பினால், அது கிரிமினல் கோர்ட்டுக்குப் போகும். தாளைவிட அந்தச் செக்தான் ஆபத்து.

இனி அந்த அக்கா என்ன செய்தார் என்று சொல்கிறேன். அவரும் நானும் தாணே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். அவர்களிடம் வருமானம் எவ்வளவு என்று பார்க்கக் கூடாது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், மாற்றுத் திறனாளிகள் இவர்களுக்கும் அப்படியே. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.

அங்கே இருந்த வக்கீல் அம்மா தாளை முழுக்கப் படித்தார். முதல் கேள்வி: "இதில் எத்தனை வருட வேலை என்று எழுதியிருக்கிறதா?" இல்லை. இரண்டாவது கேள்வி: "கடையிலிருந்து ஏதாவது எடுத்து வந்தீர்களா?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் கத்தரிக்கோலைக்கூட அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்" என்றார். வக்கீல் அம்மா சிரித்துவிட்டு, "கத்தரிக்கோலையும் கேட்போம்" என்றார்.

பதில் கடிதம் ஒரு பக்கம்தான். அதில் இருந்தவை இவை. நான் இன்ன தேதியில் சேர்ந்தேன், இன்ன தேதியில் விட்டேன். வேலையை விட்ட பிறகு தொழில் செய்யக் கூடாது என்கிற உங்கள் நிபந்தனை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 27ஆவது பிரிவுப்படி செல்லாது. உங்கள் பொருளோ பட்டியலோ என்னிடம் இல்லை. ஒரு லட்சம் ரூபாய் தர வேண்டிய கடமை எனக்கு இல்லை. என் கடைசி மாதச் சம்பளமும், நீங்கள் வாங்கி வைத்திருக்கும் என் பத்தாம் வகுப்புச் சான்றிதழும், என் கத்தரிக்கோலும் என்னிடம் வர வேண்டும்.

சம்பளம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி முதல் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு நடப்புக்கு வந்திருக்கிறது. அதன்படி வேலையை விட்டவருக்குப் பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். ரசீதை அக்கா தன் ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்தார். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு பையன் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தான். சம்பளத்தில் பாதிதான் வந்திருக்கிறது. மீதிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கத்தரிக்கோல் வரவில்லை. வழக்கு எதுவும் இதுவரை வரவில்லை. அக்கா சான்பாடா பார்லருக்குத் திரும்பவும் வேலைக்குப் போகிறார். முதல் சம்பளத்தில் பள்ளிக் கட்டணம் கட்டினார். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.

அந்தப் பதில் கடிதத்தின் கீழே அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். வக்கீல் அம்மா, "இங்கிலீஷில் போட வேண்டாமா?" என்று கேட்டார்கள். "எனக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில்தான் இனி போடுவேன்" என்றார் அக்கா. சட்டப்படி எந்த மொழியிலும் போடலாம்.

உங்களிடம் இதுபோன்ற தாள் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். தாளின் நகல் இல்லையென்றால், முதலாளியிடம் நகல் கேட்டு எப்படி எழுதுவது என்று சேர்ந்து எழுதிப் பார்ப்போம். சம்பளம் வந்த வங்கிப் புத்தகம், அடையாள அட்டை, போனில் வந்த செய்திகள் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். வர முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண். இப்போது எல்லோரும் நோட்டை எடுங்கள். கரும்பலகையில் மூன்று எண்கள் எழுதியிருக்கிறேன். 27. 74. 15100. எதற்கு எது என்று பக்கத்தில் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்.